ஈற்றடி கொடுத்தவர் எழுந்து போகலாமா?

வாரத் தூண்டல் சவாலை நடத்தும் ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய புதிய விதிமுறைகளை இரண்டு முறை படித்தேன், இரண்டாவது முறை கையில் பென்சிலோடு. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து, விருப்பக்குறி அதிகம் பெற்ற பத்துப் படைப்புகள் மட்டும் வாரத் தொகுப்பில் இருக்கும். மற்றவை முப்பது நாளில் நீக்கப்படும். பழைய தொகுப்புகளுக்கும் இது பொருந்தும் என்கிறீர்கள். பங்கேற்பவர் அனுப்பும் எதையும், எந்த வடிவிலும், எப்போது வேண்டுமானாலும், கேட்காமலே பயன்படுத்திக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு என்று கடைசிப் பத்தியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். நான்கு ஆண்டுகளாக உங்கள் தூண்டல்களுக்கு எழுதியும் படமெடுத்தும் அனுப்பிவருகிற எனக்கு இதைப் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தனியாக எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வராததால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதல் அறிவிப்பில் நீங்கள் எழுதியது மூன்றே வாக்கியம். "ஒரு வாரம் படம் தருவோம், நூறு சொல்லில் கதை எழுதுங்கள். மறுவாரம் ஒரு சொல் தருவோம், படமெடுங்கள். வருவதையெல்லாம் படிப்போம்." பரிசு கிடையாது, நடுவர் கிடையாது. என்னைப் போன்றவர்கள் உள்ளே வந்தது மூன்றாவது வாக்கியத்தை நம்பித்தான். எழுதச் சொல்லவும் படமெடுக்கச் சொல்லவும் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். படிக்கிறேன் என்று சொல்பவர்தான் அகப்படமாட்டார்.

இதெல்லாம் நமக்குப் புதிதும் இல்லை. தூண்டல், ப்ராம்ப்ட் என்று இன்று எந்தப் பெயரில் சொன்னாலும், பாட்டின் கடைசி அடியான ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொன்ன பழக்கத்தின் பேரப்பிள்ளைதான் இது. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரைப் பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்வார்கள். ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கவனம் வைத்துக் காட்டும் சதாவதானத்தை 1907-இல் சென்னையில் நிகழ்த்திப் புகழ்பெற்றவர் அவர். ஓர் அவையில் அவரை மடக்க நினைத்த ஒருவர், 'துருக்கனுக்கு ராமன் துணை' என்று முடியும்படி வெண்பா கேட்டாராம். இஸ்லாமியரான புலவர் இதில் சிக்கிக்கொள்வார் என்று கணக்கு. பாவலர் முந்தைய அடியின் முடிவில் 'சத்' என்று ஈரெழுத்துக் கொக்கியை மாட்டினார். துருக்கன் சத்துருக்கனாகிவிட்டான், ராமன் அவனுக்கு அண்ணனாகத் துணை நின்றான். இதைச் சொல்பவர்கள் எல்லோரும் பாவலரின் சாமர்த்தியத்தைத்தான் சொல்வார்கள். எனக்கு எப்போதும் அந்தக் கேள்வி கேட்டவர்மேல்தான் கண். மடக்க நினைத்தவர்தான், இருந்தாலும் ஈற்றடியைக் கொடுத்துவிட்டு அவர் எழுந்து போகவில்லை. கடைசிச் சீர் விழும்வரை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்திருந்ததால்தான் அந்த வெண்பா பிறந்தது.

நீங்கள் இப்போது ஈற்றடியைக் கொடுத்துவிட்டு எழுந்து போகிறீர்கள். என் முழுப் புகாரும் இதுதான். மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

உட்கார்ந்திருந்த காலத்தில் உங்களால் என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன், உங்களுக்கே மறந்திருக்கலாம். என் முதல் ஆண்டில் ஒரு வாரம் 'விளிம்பு' என்ற சொல் வந்தது. அந்த ஏழு நாளும் நான் எதைப் பார்த்தாலும் அதன் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாளியின் விளிம்பு, நகத்தின் விளிம்பு, புரட்டிப் புரட்டி மெழுகுபோலான புத்தகத்தின் விளிம்பு. கடைசியில் நைந்துபோன ஒரு சட்டைக் காலரைப் படமெடுத்து அனுப்பினேன். எனக்கு அதில் பெருமைதான். உங்களில் ஒருவர் கீழே எழுதினார்: "சட்டை தெரிகிறது. விளிம்பு தெரியவில்லை. வெளிச்சம் உங்கள் முதுகுப்பக்கத்திலிருந்து போய் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிட்டது. பக்கவாட்டில் வரவிட்டுப் பாருங்கள்."

கோபம் வந்தது, மறைப்பானேன். இரண்டு நாள் கழித்து அதே சட்டையை ஜன்னலோரம் நாற்காலியில் போட்டு, ஜன்னல் இடப்பக்கம் இருக்கும்படி நின்று பார்த்தேன். காலர் ஓரத்தில் பிரிந்திருந்த ஒவ்வொரு நூலும் தன் நிழலோடு எழுந்து நின்றது. சாய்ந்து விழும் வெளிச்சத்தில்தான் சொரசொரப்பு தெரியும் என்பது எந்தப் புகைப்படப் புத்தகத்திலும் முதல் சில பக்கங்களிலேயே இருக்கும். நானும் படித்திருந்தேன். படித்தது கைக்கு வந்தது அந்த மூன்று வரியால். அந்தப் படத்துக்குக் கிடைத்த விருப்பக்குறி நான்கு. புதிய விதி அப்போது இருந்திருந்தால், படமும் அதன் கீழிருந்த மூன்று வரியும் முப்பதாம் நாள் போயிருக்கும்.

இன்னொரு வாரம் 'ஈரம்'. மழை இல்லாத வாரம் அது. வேண்டுமென்றே அப்படிக் கொடுத்தீர்களோ என்று இன்றைக்கும் சந்தேகம் உண்டு. ஒருவர் கண்ணாடியில் ஊதிய மூச்சை எடுத்திருந்தார். ஒருவர் ஒட்டாமல் போன தபால்தலையின் பின்பக்கத்தை. நான் குளித்துவிட்டு வந்த கால்தடம் தரையில் உலர்வதற்குள் எடுக்கப் பார்த்தேன். நின்றபடி எடுத்தால் தரை மட்டும்தான் விழுகிறது. தரையோடு தரையாகப் படுத்து, எதிர் வெளிச்சம் ஈரத்தில் பட்டுத் திரும்பும் கோணம் கிடைத்தால்தான் தடம் பளிச்சென்று வருகிறது. அதற்குள் குதிகால் காய்ந்துவிடும். திரும்பக் குளியலறைக்கு ஓட்டம். வீட்டில் இருந்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. நான்கு ஆண்டில் பழகிவிட்டார்கள்.

கதை வாரங்களில் நூறு சொல் எல்லை. ஆங்கிலத்தில் நூறு சொல் கதைக்கு ட்ராபிள் என்று தனிப் பெயரே இருக்கிறது. அங்கே எண்ணுவது சுலபம். நமக்கு 'வந்து கொண்டு இருந்தான்' என்றால் மூன்று சொல், 'வந்துகொண்டிருந்தான்' என்றால் ஒன்று. எல்லையை நெருங்கும்போது நாங்கள் எல்லோரும் திடீரென்று இலக்கணப் பற்று மேலிட்டுச் சேர்த்தெழுத ஆரம்பித்துவிடுவோம். அதைக் கண்டுபிடித்து, "இந்தக் கதையில் நூறு சொல் இருக்கிறது, மூச்சுவிட இடம்தான் இல்லை" என்று ஒருமுறை எழுதினீர்கள். படிக்கிறவருக்குத்தான் அப்படி எழுத வரும். விருப்பக்குறியை எண்ணும் நிரலுக்கு மூச்சு முட்டாது.

எண்ணிக்கைக்கு வருகிறேன். மூன்று மாதமாக விருப்பக்குறி வரிசைப்படிதான் படைப்புகளைக் காட்டிவருகிறீர்கள். அதில் மேலே வருவது நல்ல படைப்பு என்று நீங்கள் நம்புவதாகத் தெரிகிறது. நானே ஒரு சோதனை செய்தேன். எட்டு வாரத்தில் நான்கு வாரம், தூண்டல் வந்த திங்கட்கிழமையே அனுப்பினேன். நான்கு வாரம் சனிக்கிழமை இரவு அனுப்பினேன். திங்களன்று போனவற்றில் ஒன்றைத் தவிர எல்லாம் முதல் பத்துக்குள் வந்தன. சனியன்று போனவற்றில் ஒன்றுகூட வரவில்லை. சனியன்று போனவைதான் நல்லவை. ஐந்து நாள் யோசித்து, மூன்று முறை அடித்து எழுதியவை அவை. திங்களன்று போனவை, சொல் கண்ணில் பட்டதும் மனத்தில் முதலில் ஓடியதை அப்படியே இறக்கி வைத்தவை. வரிசையின்படி, நான் யோசிக்காமல் இருப்பதே நல்லது.

எட்டு வாரத்தை வைத்து என்ன சொல்லிவிட முடியும் என்று கேட்பீர்கள். சரி. 2006-இல் மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பெயர் தெரியாத குழுக்களின் 48 பாடல்கள். கேட்டவர்கள் 14,000 பேருக்கு மேல். ஒரு பகுதியினருக்கு எண்ணிக்கை எதையும் காட்டவில்லை. மற்றவர்களை எட்டுக் கூட்டமாகப் பிரித்து, அந்தந்தக் கூட்டத்தில் எந்தப் பாடலை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்று காட்டினார்கள். எண்ணிக்கை தெரிந்த கூட்டங்களில் முன்னணிப் பாடல்கள் இன்னும் முன்னே போயின, பின்தங்கியவை இன்னும் பின்தங்கின. வேடிக்கை என்னவென்றால், ஒரு கூட்டத்தில் ஏறிய பாடல் இன்னொரு கூட்டத்தில் ஏறவில்லை. மிக நல்லவை அடிமட்டத்துக்குப் போவதும் மிக மோசமானவை உச்சிக்கு வருவதும் அரிது. நடுவில் இருந்தவை எங்கே வேண்டுமானாலும் போய் நின்றன. பாடல்களை எண்ணிக்கை வரிசையில் அடுக்கிக் காட்டியபோது இந்த ஏற்றத்தாழ்வு மேலும் கூடியது.

நாங்கள் எல்லோரும் அந்த நடுவில் இருப்பவர்கள்தான். பயிற்சி செய்ய வருகிறவர் வேறு எங்கே இருப்பார்?

ஒரு கதை வாரத்தை நினைவூட்ட வேண்டும். நீங்கள் கொடுத்த படத்தில் ஒரு பழைய சுவர், அதில் ஓர் ஆணி, ஆணிக்குக் கீழே செவ்வகமாக மட்டும் வெளுக்காத வண்ணம். ஏதோ ஒன்று நெடுங்காலம் மாட்டியிருந்து இறங்கிப்போன இடம். பெரும்பாலோர் சாவை எழுதினோம், நானும்தான். இறங்கிய படம் அப்பாவுடையது, அம்மாவுடையது, ஓடிப்போன மகனுடையது. அந்த வாரத் தொகுப்பின் கடைசியில், முதல் முறையாக எழுத வந்த ஒருவரின் கதை இருந்தது. சுவரைப் பார்க்கும் ஒரு குழந்தை, "இங்கே படம் மாட்டப்போகிறார்கள், அதற்குத்தான் அளவெடுத்து வண்ணம் அடித்திருக்கிறார்கள்" என்கிறது. அவ்வளவுதான் கதை. நாங்கள் எல்லோரும் இறந்தகாலத்தைப் பார்த்த இடத்தில் அந்தக் குழந்தை எதிர்காலத்தைப் பார்த்துவிட்டது. மூன்று விருப்பக்குறி. நான் அன்றைக்கு என் கதையை எடுத்து மறுபடி படித்தேன், கூசியது. ஒரே படத்துக்குப் பலர் எழுதியதை அடுத்தடுத்து படிப்பதில்தான் இந்தப் பயிற்சியின் பாதிப் பலன் இருக்கிறது. தன் மனம் எந்தத் தடத்தில் பழகிப்போயிருக்கிறது என்று வேறு எப்படியும் தெரிவதில்லை. பத்தை வைத்துக்கொண்டு மீதியைத் துடைத்தால் மிஞ்சுவது பத்துச் சாவுக் கதை.

தூண்டல்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இது விதிமுறையில் இல்லாத குறை. 'விளிம்பு', 'ஈரம்', 'பாதி திறந்தது', 'மூன்று' என்று கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். அண்மையில் வந்தவை: 'நம்பிக்கையின் ஒளி', 'கனவுகளின் சிறகுகள்', 'நினைவுகளின் வாசம்'. வாசத்தை நான் எந்த லென்ஸில் எடுப்பது? 'மூன்று' என்ற சொல் கையில் இருந்தால் வெளியே போய்த் தேடலாம். 'நம்பிக்கையின் ஒளி' கையில் இருந்தால் சூரிய உதயத்தைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. அந்த வாரம் வந்த படங்களை நீங்களே பாருங்கள். இவற்றை எழுதியது ஆளா இயந்திரமா என்று நான் கேட்கப்போவதில்லை. கொடுப்பதற்கு முன் உங்களில் யாரும் அதை வைத்து ஒரு படமாவது எடுத்துப் பார்க்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது. தன் பாட்டுக்கே சரிப்படாத ஈற்றடியை யாரும் அவையில் நீட்டமாட்டார்கள்.

உரிமை பற்றிய வரிக்கு வருகிறேன். ஒருவர் எழுதியது, எடுத்தது, படைத்த கணத்திலேயே அவருக்கு உரியது. எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. 1886-இல் கையெழுத்தாகி, 1908-இல் பெர்லினில் திருத்தப்பட்ட பெர்ன் என்ற பன்னாட்டுப் பதிப்புரிமை உடன்படிக்கை காலத்திலிருந்து வரும் ஏற்பாடு இது. அதை நான் மனமுவந்து பகிரலாம், தொகுப்பில் வைக்கத்தான் அனுப்புகிறேன். ஆனால் எந்த வடிவிலும் எப்போதும் என்று எழுதும்போது என்னிடம் இல்லாததையும் கேட்கிறீர்கள். 'சுருக்கம்' என்ற வாரத்துக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டியின் கைகளை எடுத்தேன். "எதுக்குப்பா இது?" என்று கேட்டார். ஒரு பயிற்சி, எங்களைப்போல் சிலர் பார்ப்பார்கள் என்றேன். "அப்ப சரி. முகம் வேண்டாம்" என்றார். அவர் அனுமதி கொடுத்தது அந்த ஒன்றுக்கு. நாளை அந்தக் கைகள் ஒரு முதுமைக் களிம்பின் விளம்பரத்தில் வந்து நின்றால் அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? அந்த உரிமை அவர் கையில் இருக்கிறது. நான் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று பெட்டியில் குறியிட்டு அதை உங்களுக்கு எழுதித்தர முடியாது.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியாமல் இல்லை. இருபது பேர் அனுப்பிய காலத்தில் எல்லாவற்றையும் படித்தீர்கள். இப்போது நூற்றுக்கணக்கில் வருகிறது. நடத்துபவர்கள் நான்கு பேர், எல்லோருக்கும் வேலை உண்டு, வீடு உண்டு. நான்கு பேரால் முடியாது. அதை அப்படியே சொல்லியிருக்கலாம். முடியவில்லை என்று சொல்வதற்குப் பதில் தரத்தை உயர்த்துகிறோம் என்று சொன்னதுதான் உறுத்துகிறது.

பெரிதாக வளர்ந்தால் வரிசைப்படுத்தித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. 1999-இல் 21 பேரோடு தொடங்கிய 'நானோரைமோ' (NaNoWriMo) என்ற நாவல் எழுதும் மாதத்தில், ஒரு மாதத்தில் 50,000 சொல் எழுதி முடித்த எல்லோரும் வென்றவர்கள்தான். நாளுக்கு ஏறக்குறைய 1,667 சொல். எது சிறந்த நாவல் என்று யாரும் கேட்கவில்லை. அதை நடத்திய அமைப்பு பின்னாளில் செயற்கை நுண்ணறிவு பற்றி வெளியிட்ட அறிக்கையால் 2024-இல் எழுத்தாளர்களின் எதிர்ப்பைச் சம்பாதித்துக்கொண்டது, 2025-இல் மூடுவதாக அறிவித்தது. அதற்கு அவர்கள் சொன்ன காரணங்கள் வேறு. நான் சொல்ல வருவது வளர்ந்த காலத்தைப் பற்றி. 2009-இல் ஓவியர் ஜேக் பார்க்கர் தன் கையைப் பழக்கிக்கொள்ளத் தொடங்கிய இங்க்டோபரும் அக்டோபரின் 31 நாளுக்கு நாளொரு மைச் சித்திரம் என்ற பழக்கமாகத்தான் பரவியது. முதலிடத்துக்காக யாரும் வரையவில்லை.

ஆகவே என் கோரிக்கைகள். முதலாவதும் அவசரமானதும்: எதையும் நீக்காதீர்கள். பழைய தொகுப்புகள் அவற்றின் கீழுள்ள பின்னூட்டங்களோடு அப்படியே இருக்கட்டும். இடம் போதவில்லை என்றால் படங்களின் அளவைக் குறைத்துச் சேமியுங்கள், யாரும் சண்டைக்கு வரமாட்டோம். அப்படியும் நீக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒவ்வொருவருக்கும் ஆறு மாத அவகாசமும் பின்னூட்டங்களோடு கூடிய நகலும் கொடுங்கள்.

விருப்பக்குறி எண்ணிக்கையை வாரம் முடியும்வரை மறைத்துவையுங்கள். வரிசை வந்த நேரப்படியோ குலுக்கல்படியோ இருக்கட்டும். பத்து என்ற எல்லையை எடுத்துவிடுங்கள்.

படிக்கும் வேலையை எங்களோடு பகிருங்கள். படைப்பு அனுப்பும் ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் வந்த இரண்டைப் படித்து, இரண்டு வரியாவது எழுத வேண்டும் என்று விதி செய்யுங்கள். 'அருமை' என்ற சொல்லுக்குத் தடை. இது என்னைப் போன்ற சோம்பேறிகளுக்குக் கசக்கும், சிலர் விலகியும் போவார்கள். போகட்டும். முதல் முறை அனுப்புகிறவர்களை மட்டுமாவது உங்களில் ஒருவர் நேரடியாகப் படித்து எழுதுங்கள். நான் வாரத்துக்குப் பத்துப் படைப்பு படிக்கத் தயார். இன்னும் ஆறேழு பேர் சரி என்று சொல்லியிருக்கிறார்கள், பெயர்களைத் தனியே அனுப்புகிறேன்.

தூண்டலின் கீழே அதைக் கொடுத்தவர் பெயர் இருக்கட்டும். அவரே முதலில் அதற்கு எழுதியோ படமெடுத்தோ போடட்டும், சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

உரிமை வரியை நீக்கிவிட்டு, 'வாரத் தொகுப்பில் வெளியிட மட்டும். வேறு எதற்கானாலும் படைத்தவரிடம் எழுத்தில் கேட்போம். அவர் பெயரோடுதான் வெளியிடுவோம். விலகினால் எடுத்துவிடுவோம்' என்று மாற்றுங்கள். இது இயந்திரங்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்கும் பொருந்தும் என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

இந்த மாதம் 25-ஆம் தேதிக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். முடியாது என்பதும் பதில்தான், அதையாவது எழுதுங்கள். விதிகள் இப்படியே முதல் தேதி நடைமுறைக்கு வருமானால், அதற்கு முந்தைய நாள் இரவு நான் அனுப்பிய 161 படைப்புகளையும் நானே எடுத்துக்கொள்வேன். கதைகளும் படங்களும் என்னிடம் பிரதி இருக்கின்றன. 'விளிம்பு' வாரத்தில் காலர் படத்தின் கீழே உங்களில் ஒருவர் எழுதியதை மட்டும் நான் சேமித்து வைக்கவில்லை. அதன் நகலை எனக்கு அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
நான்கு ஆண்டுகளாகப் பங்கேற்றுவரும் ஒருவர்